நிக்கான் இசட்எஃப்: ரா கோப்பை எதில் திறப்பது?

நிக்கான் இசட்எஃப் கேமராவில், முதல் படம் எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டிய ஒரு விஷயம் மெனுவுக்குள் இருக்கிறது. ரா கோப்பை எப்படிச் சுருக்கிச் சேமிப்பது என்பதற்கு அங்கே மூன்று வழிகள்: லாஸ்லெஸ் கம்ப்ரெஷன், ஹை எஃபிஷியன்ஸி ஸ்டார், ஹை எஃபிஷியன்ஸி. கார்டில் இடம் மிஞ்சுமே என்று பின்னிரண்டில் ஒன்றை வைத்துவிட்டால், டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பு திறக்காது. அந்தச் சுருக்கும் முறை இன்டோபிக்ஸ் நிறுவனத்தின் டிகோரா தொழில்நுட்பம். டார்க்டேபிள் போன்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களுக்கு அது எட்டவில்லை. அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டரில் போட்டு மாற்றிக்கொள்ளலாம்தான். ஒவ்வொரு முறையும் அதைச் செய்துகொண்டிருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? லாஸ்லெஸ்ஸில் வைத்துவிடுங்கள். 

மென்பொருள் இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே அளக்கிறது. கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற கட்டம் இது: பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். விடுபட்ட இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு நிரப்புவது மென்பொருளின் வேலை. 14 பிட் ரா கோப்பில் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 படிகள் உண்டு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256தான். அத்தனை படிகளில் எதை வெளிச்சம் என்று காட்டுவது, எதை நிழல் என்று விடுவது என்பதும் மென்பொருளின் முடிவே. அதனால் ஒரே கோப்பு மூன்று மென்பொருள்களில் மூன்று விதமாகத் திறக்கிறது.

நான் எந்த மென்பொருளையும் சோதிப்பது ஒரே மாதிரியான படத்தை வைத்துத்தான். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் கருத்த முகம், தலை நிறைய மல்லிகை, அரக்குச் சிவப்பில் ஜரிகை வைத்த பட்டுப்புடவை. இந்த மூன்றும் ஒரு படத்தில் சேர்ந்தால் எந்த மென்பொருளின் குணமும் வெளிப்பட்டுவிடும். முகம் கறுப்பாகத் தெரிந்தால் குறை என்று நினைத்து வெளுக்க வைக்கும் பழக்கம் நம் ஊர் ஸ்டுடியோக்களில் இருக்கிறது. பல மென்பொருள்களின் ‘ஆட்டோ’ பட்டனும் அதையேதான் செய்கிறது. நிழலைத் தூக்கத் தூக்கக் கன்னத்தின் செம்பழுப்பு சாம்பல் பூத்துப்போகும். ஆளையே மாற்றிவிடுகிற வேலை அது. என்னால் ஏற்க முடியாதது.

முதலில் நிக்கானே தரும் என்எக்ஸ் ஸ்டுடியோ. 2021இல் வந்தது, இலவசம். கேமராவின் பின்திரையில் பார்த்த அதே நிறத்தில் படம் திறக்கும். ஒயிட் பேலன்ஸ், பிக்சர் கண்ட்ரோல் எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். சோதனைப் படத்தில் முகம் சற்று வெளிறித் தெரிந்தது. நிழலைத் தூக்கிக் காட்டும் ஆக்டிவ் டி-லைட்டிங்கை ஆஃப் செய்ததும் கன்னத்தில் ஆழம் திரும்பிவிட்டது. அந்த ஒரு கிளிக்குக்காகவே இதை எல்லோருக்கும் சொல்வேன். இசட்எஃப்போடு வந்த டீப் டோன் மோனோக்ரோம் என்ற கறுப்பு-வெள்ளை பிக்சர் கண்ட்ரோலையும் இதில் பின்னால் சேர்க்கலாம். ஆனால் முகத்தைத் தானே கண்டுபிடித்து அதை மட்டும் தனியாகத் திருத்தித் தரும் வசதி கிடையாது. நூற்றுக்கணக்கான படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்க்கும் வேகமும் இல்லை.

அந்த இரண்டிலும் அடோபியின் லைட்ரூம் கிளாசிக் எங்கேயோ முன்னால் இருக்கிறது. ‘அடோபி கலர்’ புரொஃபைலில் திறந்தபோது புடவையின் சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது; ‘கேமரா போர்ட்ரெய்ட்’ என்று மாற்றியதும் அரக்கு அரக்காகவே நின்றது. முகத்தின் தோலை மட்டும் மாஸ்க் செய்து, கண்ணையும் பூவையும் தொடாமல் கால் ஸ்டாப் ஏற்ற முடிந்தது. மண்டபத்து வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 6400க்கு மேல் போகிறவர்களுக்கு நாய்ஸை நீக்க 2023இல் சேர்த்த டீநாய்ஸ் பெரிய வரம், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால். இல்லாவிட்டால் ஒரு படத்துக்கே காத்துக் கிடக்க வேண்டும்.

மாதாமாதம் கட்டவேண்டியதுதான் இதன் சிக்கல். ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் லைட்ரூம் 6ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. சந்தாவை நிறுத்தினால் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். டெவலப் பகுதி மூடிக்கொள்ளும். கல்யாண வேலை எடுப்பவருக்கு இது தொழில் செலவு. வீட்டுப் படம் எடுப்பவர் யோசிக்க வேண்டும். சந்தா வேண்டாம், நாய்ஸும் போகவேண்டும் என்பவர்கள் டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேபைப் பார்க்கலாம். நாய்ஸை நீக்கும் அதன் டீப்பிரைம் 2020லிருந்தே பேர் வாங்கியது.

நான் தங்கிவிட்டது டார்க்டேபிளில். திறந்தவுடன் படம் உப்புச்சப்பில்லாமல் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பலரும் மூடிவிடுகிறார்கள். கேமராவின் ஜேபெக்கைப் போலக் காட்ட அது முயல்வதே இல்லை. ‘டோன் ஈக்வலைசர்’ மாட்யூலைத் திறந்து, கர்சரைக் கன்னத்தின் மேல் வைத்து மவுஸ் சக்கரத்தை மெல்ல உருட்டினேன். அந்த அளவு வெளிச்சம் உள்ள பகுதி மட்டும் ஏறியது. மூக்கோரத்து நிழல் நிழலாகவே இருந்தது, நெற்றியின் எண்ணெய்ப் பளபளப்பும் கெடவில்லை. கேமரா ஜேபெக்கில் ஒரே சிவப்புத் திட்டாகிப்போயிருந்த புடவை மடிப்புகள், ‘சிக்மாய்டு’ மாட்யூலைப் போட்டபின் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தன. மேடையின் நீல எல்இடி விளக்கிலும் இதுவே நன்றாகச் சமாளித்தது. கற்றுக்கொள்ளச் சில வாரம் பிடிக்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

எதை எடுத்தாலும் லேப்டாப் திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டு உட்காருங்கள். முழு வெளிச்சத்தில் திருத்திய கருத்த முகங்கள் ஆல்பம் அச்சில் இருண்டுபோய் வரும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு மாதம் என்எக்ஸ் ஸ்டுடியோவிலும் டார்க்டேபிளிலும் உங்கள் வீட்டு ஆட்களின் படங்களையே போட்டுப் பாருங்கள். லைட்ரூமையும் சில நாள் இலவசமாகச் சோதிக்கலாம். டார்க்டேபிள் தன் திருத்தங்களைப் படத்தின் பக்கத்திலேயே ஒரு சிறு எக்ஸ்எம்பி கோப்பாக எழுதிவைக்கும். என்எக்ஸ் ஸ்டுடியோ அதே ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் போட்டு வைத்துக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க் மாற்றும்போது ரா கோப்பை மட்டும் காப்பி செய்யாமல் இவற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.