பாரி மகளிர் பாட்டும் மனவடுவும்

பேரிழப்பு உற்றாரை ‘மறந்திடுக’ என்று தேற்றுதல் உலக வழக்கு. 2015, 2023 ஆம் ஆண்டுகளின் டிசம்பர் வெள்ளங்களில் உடைமை இழந்த அம்பத்தூர், ஆவடிப் பகுதி மாணாக்கரும் இத்தேற்றுரையைக் கேட்டிருப்பர். மறத்தல் மருந்தாகுமா என்பது வினா. மூவேந்தர் முற்றுகையால் தந்தையையும் பறம்பு மலையையும் ஒருங்கிழந்த பாரி மகளிரின் பாட்டு (புறம். 112) இதற்கு விடை பகர்கின்றது.

ஐந்தடியான் இயன்ற இப்பாட்டிற்குக் கையறுநிலை என்று துறை வகுத்தனர் முன்னோர். அதுகொண்டு, செயலற்ற புலம்பலே இதன் பொருள் என்று அமைவாரும் உளர். அக்கருத்து முற்றும் பொருந்தாது. வடுவுற்ற உள்ளத்தில் பழந்துயர் பழையதாய் நில்லாது, இன்று நிகழ்வதுபோல் மீண்டும் மீண்டும் வந்து தாக்கும் என்பர் உளநூலார். பாரி மகளிரோ ஒரே வெண்ணிலவின்கீழ் அன்றைய நாளையும் இன்றைய நாளையும் இருவேறாகப் பிரித்து நிறுத்துகின்றனர். உடைமை கூறுங்கால் தந்தையை முன்னும் குன்றைப் பின்னும் வைத்தனர்; இழப்புக் கூறுங்கால் குன்றை முன்வைத்துத் தந்தையை இறுதியிற் கூறினர். சொல்லற்கரிய துயரைச் சொல்லி முடிக்கும் வலி பெற்றமை இம்முறைமாற்றத்தாற் புலனாம். தம்மைப் பன்மையாற் சுட்டியதும் நோக்கத்தக்கது. அவர் தனித்து அழுதாரல்லர்.

அமெரிக்க உளமருத்துவ அறிஞர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வெளியிட்ட நூலில் மீட்சிக்கு மூன்று படிகள் வகுத்தார்: காப்பு எய்தல், நினைந்து இரங்கல், வாழ்வொடு மீண்டும் இணைதல். இப்பாட்டு இரண்டாம் படியைச் சார்ந்தது. ஏனைய இரண்டும் பாட்டால் மட்டும் எய்தற்பாலன அல்ல. பிறர் துணை வேண்டும். கபிலர் அம்மகளிரை மணங்கொள்ளுமாறு விச்சிக்கோவையும் இருங்கோவேளையும் வேண்டினார் (புறம். 200, 201). இருங்கோவேள் மறுத்தமை 202ஆம் பாட்டால் அறியலாம்.

மகளிர்க்குத் துணைநின்ற கபிலர் தம் துயரினின்று மீண்டாரல்லர். பாரியொடு உடன் மாயாமைக்கு அவர் இரங்குவதை 236ஆம் பாட்டில் காண்கிறோம். பாரி மகளை மலையனுக்கு அளித்தபின் அவர் தீப்புகுந்தார் என்று முதலாம் இராசராசன் காலத்துத் திருக்கோவலூர்க் கல்வெட்டு உரைக்கும். துணைநிற்பார்க்கும் துணை வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஆதலின் இப்பாட்டினைத் துறைப்பெயர் கூறி முடித்துவிடுதல் பயிற்றுவார்க்கு அமையாது. இழந்தார் மறக்க வேண்டுவதில்லை. அன்றையதை அன்றையதென்றும் இன்றையதை இன்றையதென்றும் சொல்ல வல்லராதல் வேண்டும். அச்சொல்லைக் கேட்டலும், கேட்டபின் அவர்க்கு இடந்தருதலும் சுற்றத்தார் கடன். இருங்கோவேள் செய்யாதொழிந்தது அக்கடனே.