வெங்காயம் என்னும் ஒற்றைச் சொல்: இன்றியமையாப் பண்டங்கள் சட்டமும் பெரம்பலூர்ச் சின்ன வெங்காயமும்

இன்றியமையாப் பண்டங்கள் சட்டம், 1955 பெரும்பாலும் பொருளியலார் கையில் மட்டுமே அகப்பட்டு வந்துள்ளது. அதனை ஒரு பனுவலாகக் கொண்டு அதன் சொற்களை வாசிக்க முற்படுகிறது இக்கட்டுரை. சட்டத்தின் உயிர்நிலையான மூன்றாம் பிரிவு, பண்டங்களின் வழங்கலைப் பேணுதல் அல்லது பெருக்குதல், சமமான பகிர்வு, நியாயமான விலையில் கிடைக்கச் செய்தல் ஆகியவற்றின்பொருட்டு அரசுக்கு ஆணையிடும் அதிகாரம் அளிக்கிறது. ‘கிடைத்தல்’ என்பது வாங்குவோர் பக்கத்து வினை. விளைவித்தவர் அத்தொடரில் இடம்பெறவில்லை. அரசு பண்டத்தைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்யும்போது விற்பவருக்குத் தரவேண்டிய விலை குறித்து உட்பிரிவுகள் பேசுகின்றன என்பது உண்மையே. அந்நிலை நேராதபோது விலை வீழ்ச்சி இச்சட்டத்தின் பார்வைக்குள் வருவதில்லை.

2020 செப்டம்பரில் நிறைவேறிய திருத்தம் இச்சாய்வை எண்ணிலேயே எழுதிக் காட்டியது. தோட்டக்கலை விளைபொருளின் சில்லறை விலை 100 விழுக்காடு உயர்ந்தால் இருப்பு வரம்பு விதிக்கலாம் என்றது அது. உயர்வுக்கு ஓர் அளவுகோல் வகுத்த சட்டம் தாழ்வுக்கு எதனையும் வகுக்கவில்லை. கட்டுப்பாட்டைத் தளர்த்தவே வந்ததாகச் சொல்லப்பட்ட அத்திருத்தம் நிறைவேறிய சில வாரங்களிலேயே, அக்டோபர் 23 அன்று, மொத்த வணிகருக்கு 25 டன், சில்லறை வணிகருக்கு 2 டன் என வெங்காயத்துக்கு வரம்பு அறிவிக்கப்பட்டது. திருத்தம் 2021 சனவரியில் உச்சநீதிமன்றத்தால் நிறுத்திவைக்கப்பட்டு, அவ்வாண்டின் இறுதியில் திரும்பப் பெறப்பட்டது. அது போனபின்னும் மூலச் சட்டத்தின் சாய்வு மாறவில்லை.

கட்டுப்பாடு என்றாலே உற்பத்தியாளரை மறப்பதுதான் என்று கொள்ளவும் இயலாது. பெரம்பலூரை அடுத்த அரியலூர் இதற்குச் சான்று. சுண்ணாம்புக்கல் வளத்தால் சிமெண்ட் ஆலைகள் சூழ்ந்த அம்மாவட்டத்தில், தமிழ்நாடு சிமெண்ட் கழகத்தின் ஆலை 1979இல் இயங்கத் தொடங்கியபோது சிமெண்ட் முழுமையான விலைக் கட்டுப்பாட்டில் இருந்தது. 1982 பிப்ரவரியில் அது ஓரளவும், 1989 மார்ச்சில் முற்றிலும் நீக்கப்பட்டது. கட்டுப்பாட்டுக் காலத்தில் நுகர்வோர் விலையுடன், ஆலைக்கு எஞ்ச வேண்டிய தொகையும் உற்பத்திச் செலவைக் கணக்கிட்டு வரையறுக்கப்பட்டது. அந்த முறை குறைகளற்றதன்று. தட்டுப்பாட்டையும் கள்ளச் சந்தையையும் அது அறியும். எனினும், செய்பவனுக்கும் ஒரு விலை உண்டு என்னும் எண்ணம் அதில் இருந்தது. ஆலைக்குப் போடப்பட்ட அக்கணக்கு வெங்காயக் காட்டுக்குப் போடப்படவில்லை. குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் வெங்காயம் இல்லை.

பெரம்பலூர் மாவட்டத்தின் செட்டிகுளம், நாட்டார்மங்கலம், இரூர் பகுதிகளில் விளைவது சின்ன வெங்காயம். தாவரவியலார் அதனையும் பெரிய வெங்காயத்தையும் ஒரே இனத்தின் இரு வகைகளாகக் கொள்வர். மக்கள் வழக்கு அவ்வாறு கொள்ளவில்லை. தென்மாவட்டங்களில் ஒன்று உள்ளி, மற்றது பல்லாரி. சமையலிலும் சந்தையிலும் அவை இரு பண்டங்கள். விதைப்பிலும் அப்படியே. பெரிய வெங்காயம் விதையிலிருந்து வளர்வது. சின்ன வெங்காயத்தைப் பெரிதும் காயையே ஊன்றி வளர்க்கின்றனர். எக்டருக்கு 1 முதல் 1.5 டன் வரை விதைக்காய் வேண்டும். அறுவடையில் ஒரு பகுதியை உழவர் வயலோரத்துப் பட்டறையில் அடுத்த பட்டத்துக்கென வைத்திருப்பது இதனால்தான். மூன்றாம் பிரிவோ, பண்டத்தை இருப்பு வைத்திருக்கும் ‘எவரையும்’, அதனை விளைவிப்பவரையும், விற்கும்படி பணிக்க இடம் தருகிறது. பட்டறையில் கிடப்பது இருப்பா, விதையா என்று கேட்க அப்பிரிவில் சொல் இல்லை. விதைக்கும் உழவர் திருகல் நோய்க்கும் அழுகலுக்கும் அஞ்சியே அதனைக் காக்கிறார். பதுக்கல் என்னும் சொல் அவருக்குப் பொருந்துவதன்று.

ஏற்றுமதித் தடை வேறொரு சட்டத்தின்கீழ், 1992ஆம் ஆண்டின் அயல்வணிகச் சட்டத்தின்கீழ், வருவது. ஆனால் அங்கும் அதே ஒற்றைச் சொல்லே ஆள்கிறது. 2019 செப்டம்பர், 2020 செப்டம்பர், 2023 டிசம்பர் ஆகிய மூன்று தடைகளும் பெரிய வெங்காயத்தின் விலையேற்றத்தால் எழுந்தவை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளின் தமிழர் சமையலறைக்குச் செல்லும் சின்ன வெங்காயமும் அவற்றால் தடுக்கப்பட்டது. இதற்கெனத் தனிச் சுங்கக் குறியீடு வேண்டும் என்று தமிழக உழவர்கள் கோரி வருவது இதன் விளைவே.

வகை பிரித்தல் நடைமுறைக்கு ஒவ்வாது என்னும் மறுப்பு நிற்காது. பெங்களூர் ரோஸ், கிருட்டிணாபுரம் வெங்காயங்களுக்கு 2020 அக்டோபரில் தலா 10,000 டன் ஏற்றுமதி செய்ய விலக்கு அளிக்கப்பட்டது. 2023 செப்டம்பரில் பெங்களூர் ரோசுக்கு ஏற்றுமதி வரி விலக்கு கிட்டியபோது, கருநாடகத் தோட்டக்கலை ஆணையரின் சான்றிதழே வகையை உறுதிசெய்யப் போதுமானதாயிற்று.

இதனினும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அவ்விரு வகைகளும் உள்நாட்டில் அதிகம் உண்ணப்படாதவை. சின்ன வெங்காயமோ தமிழக வீடுகளின் அன்றாடப் பண்டம். பெரிய வெங்காயம் விலை ஏறும்போது அதற்குப் பதிலாகச் சின்ன வெங்காயத்தை நாடுவோரும் இருக்கக்கூடும். ஆகவே தமிழக நுகர்வோரைக் காக்கவும் தடை தேவைப்படலாம். இதனை மறுப்பதற்கில்லை. ஆயின் அத்தேவையை அளக்க வேண்டியது சின்ன வெங்காயத்தின் விலையைக் கொண்டு, திருச்சி மண்டியிலும் தமிழகச் சில்லறைக் கடைகளிலும். லாசல்கானில் பெரிய வெங்காயம் என்ன விலைக்குப் போகிறது என்பதைக் கொண்டு செட்டிகுளத்து உழவரின் சந்தையை மூடுவது அவ்வளவை ஆகாது.