முகம் அறிந்த கவசம்

பிரிக்பீல்ட்ஸ் வீதிகளின் ஆரவாரத்துக்கு அதிக தூரமில்லாத லெம்பா பந்தாயில் நிற்கும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போன்ற ஆஸ்பத்திரிகளின் கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவில் நித்தமும் நடைபெறும் ஒரு நுட்பமான கைவேலையை நம்மில் அநேகர் கண்டதில்லை. ஏறக்குறைய 70 டிகிரி வெந்நீரில் தோய்ந்து, ரொட்டிச் சானாய் மாவைப்போல் இழுத்த இழுப்புக்கு வரும் துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டை ஈரம் ஒற்றியெடுத்து, கழுத்தில் கட்டியோடு மல்லாந்து கிடப்பவரின் நெற்றியிலும் நாசியிலும் மோவாயிலும் படியுமாறு விரல்நுனிகளால் வருடி அமர்த்துகிறார் சிகிச்சையாளர். ஆறி இறுகும் சில நிமிஷங்களில் அது, தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளும், அந்த ஒரு முகத்துக்கே உரிய கவசமாகிவிடுகிறது.

பிறகு வாரக்கணக்கில் அதே கவசம், மேஜை விளிம்பில் அது பூட்டிக்கொள்ளும் அதே ‘டக், டக்’. “தோளைக் கொஞ்சம் இறக்குங்கம்மா.” லேசர்க் கோடுகள் கவசத்தின்மேல் இட்ட குறிகளோடு ஒன்றிய பின்னும் திருப்தியடையாமல், யந்திரம் சுற்றிவந்து எடுத்த படத்தைத் சிகிச்சைத் திட்டத்துக்கென முன்பே எடுத்த படத்தின்மேல் பொருத்தி, முள்ளெலும்பின் விளிம்பு இரண்டொரு மில்லிமீட்டர் விலகியிருப்பினும் மேஜையை நகர்த்துகிறார்கள். கழுத்தே வளைந்திருந்தால் மேஜையால் ஆவதொன்றுமில்லை. பூட்டைக் கழற்றி மறுபடி படுக்கவைக்கத்தான் வேண்டும். தண்டுவடமும் உமிழ்நீர்ச் சுரப்பியும் கட்டிக்கு அத்தனை சமீபத்தில் இருக்கையில், முகம் சுளிக்காமல் அதைச் செய்யும் கைகளையே யந்திரத்தினும் மேலாக நான் மதிக்கிறேன். நாளடைவில் நோயாளி மெலிந்து கவசம் தளர்ந்துபோனாலோ, புதிதாக ஒன்றை வார்க்கிறார்கள்.