கண்டபின் நெருங்குதல்: அமெரிக்கக் கருங்கரடியின் வசந்த வேட்டை

அமெரிக்கக் கருங்கரடி குளிர்கால உறக்கம் கலைந்து வெளியே வருவது ஏப்ரல், மே மாதங்களில். அப்போது உயரமான ஓரிடத்தில் அமர்ந்து, எதிர்ச் சரிவைத் தொலைநோக்கியால் துழாவி, கரடி தென்பட்ட பிறகு காற்றின் திசை பார்த்துப் பதுங்கி நெருங்கிச் சுடுவதே கண்டு நெருங்கும் வேட்டை. மொன்டானா, ஐடஹோ, அலாஸ்கா மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் இது பரவலாக நடக்கிறது. ஐடஹோவின் பல பகுதிகளில் தீனி வைத்துக் கரடியை வரவழைப்பதற்கும் அனுமதி உண்டு. மொன்டானாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் அது குற்றம்.

இந்த முறைக்கு அடிப்படை கரடியின் பசி. உறக்கத்திலிருந்து எழுந்த கரடிக்கு முதல் சில வாரங்கள் இளம்புல்லும் கிளோவர், டாண்டிலியன் போன்ற செடிகளும்தான் உணவு. வெயில் நேராக விழும் தெற்கு பார்த்த சரிவுகளில் பனி முதலில் உருகுகிறது; புல்லும் அங்கேதான் முதலில் துளிர்க்கிறது. பனிச்சரிவு மரங்களை அடித்துச் சென்ற வெற்றுத் தடங்கள், மரம் வெட்டிய வெளிகள், வண்டிப் போக்குவரத்து நின்று புல் மண்டிய பழைய காட்டுப் பாதைகள் ஆகியவையும் மேய்ச்சல் இடங்கள். பனிக்கோடு மேலேற ஏற பசுமையும் அதன் பின்னால் ஏறுகிறது. எனவே பயணத் திட்டம் வரைபடத்தில் தொடங்குகிறது: எந்தச் சரிவு எந்தத் திசை பார்க்கிறது, அதை எங்கிருந்து முழுதாகப் பார்க்கலாம், எந்தச் சாலை அந்த வாரத்தில் பனி நீங்கித் திறந்திருக்கும் என்பவை முதல் கேள்விகள். ஒரு நாளில் பல மைல் நடப்பவரைவிட, பிற்பகல் முதல் அந்தி வரை ஒரே இடத்தில் அமர்ந்து பார்ப்பவருக்கே கரடி தென்படும் வாய்ப்பு அதிகம். பயணத்துக்கு வரும் பலர் இதைத்தான் ஏற்கத் தயங்குகிறார்கள்.

நெருங்குவதில் பெரிய தடை கரடியின் மூக்கு. அதன் கண்பார்வை ஏறக்குறைய மனிதருடையதைப் போன்றது. மோப்பமோ ஒப்பிடவே முடியாத அளவு கூர்மையானது. மலைச்சரிவில் காலைக் குளிரில் காற்று கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே எழும், மாலையில் மீண்டும் இறங்கும். அந்தத் திருப்பம் நிகழும் நேரத்தில் நெருங்கினால் முயற்சி பாழ். இன்னொரு சிக்கல், பள்ளத்தாக்கைக் கடந்து எதிர்ச் சரிவை அடைந்தவருக்கு இடமே அடையாளம் தெரியாமல் மாறிவிடுவது. பாறை, பட்டமரம், ஓடை என்று குறிகளை முன்பே மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பின்னாலேயே தங்கிக் கரடியைக் கண்காணிப்பது இன்னும் நல்லது.

தீனி வைப்பதையும் நாயை ஏவுவதையும்விட இது நேர்மையான வேட்டை என்று பெயர் பெற்றிருக்கிறது. அந்தப் பெயருக்கு நீண்ட வரலாறு உண்டு. தியோடர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்ட் குரோக்கெட் கழகம் நேர்மையான வேட்டை என்ற கருத்தை வளர்த்தது. 1902 நவம்பரில் மிசிசிப்பியில், நாய்கள் மடக்கியபின் மரத்தில் கட்டப்பட்டிருந்த கருங்கரடியைச் சுட ரூஸ்வெல்ட் மறுத்தார். டெடி பொம்மைக்குப் பெயர் வந்தது அந்த நிகழ்விலிருந்துதான். ஆனால் காயப்பட்டிருந்த அந்தக் கரடி பிறகு கத்தியால் கொல்லப்பட்டது. நேர்மை என்ற சொல் அன்றே வேட்டைக்காரரின் கௌரவத்தை அளந்ததே தவிர, கரடியின் கதியை அளக்கவில்லை.

இந்த வேறுபாடு வசந்தத்தில் கூர்மையாகிறது. குட்டிகள் ஜனவரியை ஒட்டி உறங்கிடத்திலேயே பிறக்கின்றன. மே மாதத்தில் அவை தாயின்றிப் பிழைப்பது மிக அரிது. குட்டியுடன் இருக்கும் தாயைச் சுடுவதைச் சட்டங்கள் தடுத்தாலும், தாய் மேயும்போது குட்டிகள் பெரும்பாலும் அருகிலுள்ள மரத்தின் மேலோ புதருக்குள்ளோ இருக்கும். தீனி வைத்த இடத்தில் சில பத்து மீட்டர் தூரத்திலிருந்து நெடுநேரம் பார்ப்பவரால் ஆணா பெண்ணா, குட்டி உண்டா என்று ஓரளவு சரிபார்க்க முடியும். சரிவுக்கு அப்பாலிருந்து பார்ப்பவருக்கு அந்த வசதி இல்லை. அளவை மதிப்பிடுவதும் அங்கே கடினம். தனியே நிற்கும் சிறிய கரடி பெரும்பாலும் பெரிதாகவே தோன்றும். நேர்மையானதாகப் போற்றப்படும் முறை, மிக முக்கியமான சரிபார்ப்பில் தாழ்ந்த முறையைவிடப் பின்தங்குகிறது. ஆதரவாளர்கள் இந்தக் குறையைப் போதிய அளவு பேசுவதில்லை.

ஆனால் இது தீராத குறையல்ல. தீர்வு நாட்காட்டியிலும் பொறுமையிலும் இருக்கிறது. ஆண் கரடிகள் முதலில் வெளிவருகின்றன, குட்டி ஈன்ற தாய்கள் கடைசியில். மொன்டானாவில் வேட்டைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. தொடக்க வாரங்களில் சாலைகள் பனியால் அடைபட்டிருக்கும், தென்படும் கரடிகளும் குறைவு. ஆனால் அவற்றில் ஆண்களின் பங்கு அதிகம், உரோமமும் உதிராமல் செழிப்பாக இருக்கும். மே பிற்பகுதியில் இணைசேரும் காலம் தொடங்க, பெரிய ஆண்கள் பகலிலும் அலைகின்றன. ஆனால் அதற்குள் தாய்களும் வெளியே வந்துவிடுகின்றன. எளிதான வாரத்தைத் தேர்ந்தால் நின்று பார்க்கும் கடமை கூடுகிறது. ஐந்து நாள் விடுமுறையில் வருபவர் கடைசி மாலையில் அவசரப்படுவார். பத்து நாள் ஒதுக்கியவருக்கு ஒரு கரடியை விட்டுவிடுவது சுலபம்.

நிறமும் ஏமாற்றும். கருங்கரடி பழுப்பாகவோ வெளிர் பொன்னிறமாகவோ இருக்கலாம். 1975 முதல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்க மாநிலங்களில் பாதுகாக்கப்படும் கிரிஸ்லி கரடியை அடையாளம் காண, நிறத்தை நம்பாமல் தோள் திமில், முகவெட்டு, நீண்ட முன்நகங்கள் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கருங்கரடி உரிமம் கேட்பவர்களை மொன்டானா அடையாளத் தேர்வு எழுதவைப்பது சரியான ஏற்பாடு.

வசந்த வேட்டையே வேண்டாம் என்ற முடிவுக்கும் சில அரசுகள் வந்தன. கொலராடோ வாக்காளர்கள் 1992இல் தடை செய்தனர். வாஷிங்டன் மாநில ஆணையம் பொழுதுபோக்கு வசந்த வேட்டையை 2022இல் நிறுத்தியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1999இல் ரத்து செய்து, 2014இல் சோதனையாகத் திறந்து, 2021இல் நிலையாக்கியது. அனாதைக் குட்டிகள் பற்றிய கவலை இந்த விவாதங்களில் திரும்பத் திரும்ப எழுந்தது.

சுட்ட பிறகும் வேலை நிறைய. அடர்ந்த உரோமமும் கொழுப்பும் குருதியை உறிஞ்சுவதால் தடம் மங்கலாகவே இருக்கும். அதனால் தொலைவிலிருந்து சுடுவது இந்த முறையின் மோசமான பழக்கம். எத்தனை மீட்டருக்கு அப்பால் சுடுவதில்லை என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்ய வேண்டும். மே மாத வெயிலில் இறைச்சி விரைவில் கெடும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலிருந்து எடுத்துவருவது சட்டக் கடமை. கரடி இறைச்சியில் இருக்கக்கூடிய ட்ரிக்கினெல்லா என்ற ஒட்டுண்ணிப் புழுவின் சில வகைகள் உறைநிலையிலும் சாவதில்லை. 2022 மே மாதம் கனடாவின் சஸ்காச்செவனில் கொல்லப்பட்ட கருங்கரடியின் இறைச்சி 45 நாள் உறைய வைக்கப்பட்டிருந்தும், அதைச் சரியாக வேகவைக்காமல் உண்ட குடும்பத்தினர் நோயுற்றனர். உட்பகுதி 71 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை வேகவைத்தால் ஆபத்து இல்லை.

பல மாநிலங்களில் மண்டையோட்டையும் தோலையும் அதிகாரியிடம் காட்ட வேண்டும். அங்கே ஒரு சிறு பல் எடுக்கப்பட்டு, மர வளையம் போன்ற அதன் அடுக்குகளை எண்ணி வயது கணிக்கப்படுகிறது, பாலினமும் பதிவாகிறது. கொல்லப்பட்டவற்றில் பெண் கரடிகளின் பங்கு ஏறினால், அடுத்த ஆண்டுகளின் வேட்டைக்காலத்தைச் சுருக்க அந்தப் பதிவே ஆதாரமாகிறது.