நீந்தும் கட்டைகள்

கார்ல் சிம்ஸ் என்ற அமெரிக்கர் 1994-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு கணிப்பொறிப் படத்தைப் பார்த்தவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. செங்கல் போன்ற கட்டைகள் கீல்களால் இணைந்து பாம்பென நெளிந்து நீந்துகின்றன. சில தத்தித் தத்தி நடக்கின்றன. வேறு இரண்டு, நடுவில் வைத்த ஒரு கனசதுரத்துக்காக மல்லுக்கு நிற்கின்றன. இவற்றின் உடலையோ அசைவையோ யாரும் வரைந்து கொடுக்கவில்லை என்பதுதான் வியப்பு.

செய்முறை இதுதான். உடல் எப்படி இணைய வேண்டும், நரம்பு வலை எப்படி அமைய வேண்டும் என்ற குறிப்புகள் முதலில் குருட்டாம்போக்கில் எழுதப்படுகின்றன. சுமார் 300 உருவங்களை நீரில் விட்டு, வேகமாக நீந்திய ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நிறுத்திக்கொண்டு, அவற்றின் குறிப்புகளைச் சிறிது மாற்றியும் கலந்தும் அடுத்த தலைமுறையைப் பிறப்பிக்கிறார்கள். 32 செயலிகள் கொண்ட கணிப்பொறியில் 100 தலைமுறைகள் ஓட ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடித்ததாம்!

படம் அருமையானது. ஆனால், "கணிப்பொறிக்குள் உயிர் பிறந்துவிட்டது, சார்" என்று மாணவர்கள் சொல்லும்போது என்னால் உடன்பட முடியவில்லை. நரம்பு வலை என்று பெயரே தவிர, அதன் 'நரம்பணுக்கள்' சில, தாமாகவே அலையை எழுப்புபவை. நீச்சலுக்கு வேண்டிய தாளம் முன்பே கையில் கொடுக்கப்பட்டுவிட்டது. வேகமே தகுதி என்று தீர்ப்பளித்தவரும் மனிதரே. காட்டைவிட மாட்டுப் பண்ணைக்குத்தான் இது நெருக்கம்.

இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் எனக்குள்ள பெரிய குறை, அந்தத் தண்ணீரைப் பற்றியது. நகரும் பரப்பை, அதன் பரப்பளவுக்கும் வேகத்துக்கும் ஏற்ப அது எதிர்க்கிறது, அவ்வளவுதான். சுழல்கள் இல்லை, தள்ளப்பட்ட நீர் எங்கும் போவதில்லை. உண்மையான மீனோ வாலால் சுழல்களை எழுப்பி, நீரைப் பின்னே தள்ளித்தான் முன்னே செல்கிறது. ஆகவே கட்டைகளின் நெளிவு மீனின் நெளிவைப் போலத் தோன்றினாலும், மீனைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லாது.

படத்தைவிடச் சிம்ஸின் கட்டுரையில் உள்ள ஒரு செய்திதான் எனக்கு மிகவும் பிடித்தது. தரையில் வேகம் கேட்டால், நடக்காமல் பொத்தென்று சாய்ந்தே வேகம் காட்டிவிடும் உருவங்கள் தோன்றலாம். அதைத் தடுக்க, முதலில் அவற்றை விழவிட்டு, அசைவு அடங்கிய பிறகே அளக்கத் தொடங்கினார். கணக்கின் பிழையால் ஆற்றல் எங்கேனும் கசிந்தால், அதையும் அவை கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொள்ளும் என்கிறார். ஆற்றல் அழிவின்மை விதியைத் தேர்வில் ஒப்பித்துவிட்டு மறந்துவிடும் மாணவர்கள், அந்தப் பகுதியைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்கலாம்.