வாழ்த்தும் வரலாறும்

உரோமப் பேரரசைப் பிற்காலத்தே, கி.பி. 361 முதல் 363 வரை ஆண்டவன் ஜூலியன். அவன் ஆட்சியை இலத்தீன் மொழியில் விரித்தெழுதியவர் அம்மியானஸ் மார்செல்லினஸ். அவனை நாடிச் செரண்டிவர் தூதுவரும் வந்தனர் என்கிறது அந்நூல். அப்பெயர் இலங்கையரைக் குறிக்கும் என்பர்.

அம்மியானஸ் அவன் படையோடு பாரசீகப் போருக்குச் சென்றவர். அவன் கல்வியையும் எளிய வாழ்வையும் மனமாரப் போற்றுபவர். ஆயினும், கிறித்தவ ஆசிரியர் இலக்கணமும் சொல்வன்மையும் கற்பித்தலாகாதென 362இல் அவன் விதித்த தடையைக் கொடுமை என்றே எழுதினார். அவர் கிறித்தவர் அல்லர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பிற சமயத்தார்க்கு நேர்ந்த துன்பத்தையும் மறையாதுரைத்த இந்நேர்மையே நூலின் உயிர். இடையிடையே வேறு பொருள்களுக்கு விலகிச் செல்வது அதன் குறை.

நம் மெய்க்கீர்த்திகள் வெற்றிச் செய்திகள் பலவற்றைத் தருவன. எனினும் புகழ்பாட எழுந்தவை. அவற்றை முழு வரலாறாக மாணவர்க்குப் புகட்டுதல் பொருந்தாது. வேந்தனை இடித்துரைக்கும் மரபும் நமக்கு உண்டு. மலையமான் மக்களை யானைக்கு இடவிருந்த கிள்ளிவளவனைத் தடுத்துப் பாடினார் கோவூர்கிழார். அது புறநானூற்றில் 46ஆம் பாட்டு. மெய்க்கீர்த்தியைக் கற்பிக்கும் ஆசிரியர் அப்பாட்டையும் உடன்வைத்துக் கற்பித்தல் நன்று.