தோரணமும் குடியும்: பிரிக்பீல்ட்ஸ் புத்தாக்கம் பற்றிய ஒரு திறனாய்வு

நகரின் சிறப்பை உரைக்கப் புகுந்த பழந்தமிழ்ப் புலவர் மதிலையும் மாடத்தையும் பாடினர். ஆயினும் அவ்வளவில் நின்றாரல்லர். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் நாளங்காடியையும் அல்லங்காடியையும் மக்களின் ஆரவாரத்தோடு காட்டுகிறார். இளங்கோவடிகள் புகாரின் மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த வணிகரையும் தொழிலாளரையும் வரிசைப்படுத்துகிறார். குடியே நகருக்கு உயிர் என்பது இவற்றால் பெறப்படும். இவ்வளவுகோல் கொண்டு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் புத்தாக்கத்தை ஆராய்தல் தகும்.

இவ்வட்டாரத்தின் பெயரே தொழிலால் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. பின்னர், அத்தாப்பு வேய்ந்த மர வீடுகளுக்கு மாற்றாகச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டுமாறு சிலாங்கூர் ரெசிடெண்ட் பிராங்க் சுவெட்டன்ஹாம் பணித்தார். அதற்கான செங்கற்சூளைகள் ஈண்டு எழுந்தன. யாப் குவான் செங்கின் சூளை அவற்றுள் புகழ் பெற்றது. 1886இல் கிள்ளான் நோக்கி இரயில் ஓடத் தொடங்கியது. காலப்போக்கில் இரயில்வேக் களமும் பணியாளர் குடியிருப்புகளும் இங்கு அமைந்தன. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் இரயில்வேப் பணியேற்று இங்கே வேரூன்றினர். கந்தசுவாமி கோயிலும், 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமக் கட்டடமும் அவ்வாழ்வின் சான்றுகள்.

பழைய இரயில்வேக் களத்தின்மேல் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 27-10-2010 அன்று மலேசியப் பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் இவ்வட்டாரத்தை 'லிட்டில் இந்தியா' எனத் தொடங்கி வைத்தனர். 2015இல் இந்திய அரசின் அன்பளிப்பாகத் தோரண வாயிலும் எழுந்தது. இவற்றால் போக்குவரத்து எளிதாயிற்று. பூக்கடைக்கும் புடவைக்கடைக்கும் வெளியூரார் வந்தனர். இந்நன்மைகளை மறுத்தல் நேர்மையன்று.

குறை யாதெனின், அழகு சேர்ந்த இடத்தில் குடி குறைந்தமையே. 'நூறு வீடுகள்' எனப்பட்ட பழைய அரசுக் குடியிருப்புகள் உயர்மாடங்களுக்கு இடம்விட்டு மறைந்தன. போருக்கு முந்திய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்தோர்க்கு அரணாயிருந்த 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1997இல் நீக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடத்தைக் காக்க வழி வகுத்தது. அதனுள் வாழ்வோர் யார் என்பதை வாடகையே முடிவு செய்கிறது.

2014இல் ஆசிரம நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் வெளிப்பட்டபோது பொதுமக்கள் உரத்து எதிர்த்தனர். கட்டடம் இன்றும் நிற்கிறது. இரயில்வேத் தொழிலாளியின் வீட்டுக்காக அத்தகைய குரல் எழவில்லை. நினைவுச் சின்னத்தை மதிக்கும் சமுதாயம் சமையற்கட்டையும் திண்ணையையும் மரபாகக் கருதவில்லை போலும்.

நகர் வளரவேண்டாமா எனச் சிலர் வினவலாம். வளரவேண்டும், புகாரும் யவனரை ஏற்று வளர்ந்த பட்டினமே. ஆயின், ஒரு வட்டாரத்தில் உழைப்போர் அங்கேயே குடியிருக்கத்தக்க வாடகையில் சில வீடுகளேனும் புதுத் திட்டத்துள் அமைதல் வேண்டும். குடும்பங்கள் அகன்றால் கோயிலுக்கு விழாநாட் கூட்டம் வரும். தமிழ்ப்பள்ளிக்கு நாள்தோறும் வரும் பிள்ளைகள் எங்கிருந்து வருவர்?

தமிழாசிரியர்க்கு ஈண்டு ஒரு பணி உண்டு. நாளங்காடிப் பகுதியைக் கற்பிக்குங்கால், மாணவர் தத்தம் தெருவின் தொழில்களையும், முன்னர் அங்கு வாழ்ந்து பெயர்ந்த குடிகளையும் முதியோரிடம் கேட்டு எழுதச் செய்யலாம். அடுத்த திட்டம் வரையப்படும்போது, காக்கவேண்டியது எது என எடுத்துரைக்க அக்குறிப்புகள் உதவும்.